இடம் மாறிய கல்

போன் அலறியது.

சுவரோரம் சுருட்டி வைத்திருந்த கயிறுகளைத் தாண்டிப் போய் எடுத்தாள் அவள். மனக்காயம் பட்டவர்களுக்கு வைத்தியம் பார்ப்பவள். பேச்சு, மூச்சு, படம், கயிறு என்று எல்லாவற்றையும் கலந்து பார்ப்பாள். அதனால் தெருவில் அவளுக்குப் பெயர் கயிறு டாக்டர்.

"இன்ஸ்பெக்டர் பேசறேன். அந்தப் பொண்ணு இன்னிக்கு வருதா?"

"மூணரைக்கு வர்றாங்க."

"அஞ்சு மணிக்கு நான் வர்றேன். புருஷனைக் கொன்னதுக்காக அரெஸ்ட் பண்ண. உங்ககிட்ட ஏதாவது சொல்லுச்சா?"

"இங்க பேசினது வெளிய போகாது சார்."

"பொணம்கூட முதல்ல இப்படித்தான் அடம் பிடிக்கும். அறுத்தா எல்லாத்தையும் சொல்லிடும்."

"நான் உயிரோட இருக்கேன் சார்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"ரெண்டு மாசம் முன்னாடி செத்தவன் லிஃப்ட் மெக்கானிக். ஆறாவது மாடிலருந்து லிஃப்ட் குழிக்குள்ள தள்ளியிருக்காங்க. உயிர் போனது ரெண்டு மணிக்கு மேல. கூட வேலை பாத்த அவன் தம்பி அதுக்குள்ள ட்ரெய்னிங்குக்கு வெளியூர் பஸ் ஏறிட்டான், டிக்கெட் இருக்கு. மூணு மணிக்கு அங்க போனது பொண்டாட்டி மட்டும்தான். அவன் தினமும் காலைலயே சாப்பாடு எடுத்துட்டுப் போற ஆளு. அன்னிக்கு மட்டும் இவ எதுக்குப் போனா? கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறா."

போன் வைக்கப்பட்டது.

அவள் சுவரோரக் கயிறுகளையே பார்த்தாள். ஏனென்றால்... போன வாரம் நடந்தது அப்படி.

அவளுடைய முறை எளிமையானது. தரையில் ஒரு கயிறு. அதுதான் உங்கள் வாழ்க்கை. ஒரு முனை பிறந்த நாள். மறுமுனையைச் சுருட்டியே வைக்க வேண்டும், இனி வரப்போகும் நாட்களுக்காக. கனத்த நாட்களுக்குக் கல். நல்ல நாட்களுக்குத் துணிப்பூ.

புருஷன் செத்த நாளுக்கு அந்தப் பெண் கல்லை வைத்தாள்.

பக்கத்திலேயே ஒரு பூவையும் வைத்தாள்.

ஏன் என்று கேட்டதற்கு உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

புருஷன் செத்த நாளில் பூவா?

மூன்றரைக்குக் கதவு திறந்தது. அந்தப் பெண்ணும் கொழுந்தனும் வந்தார்கள்.

"அஞ்சு மணிக்கு வர்றதா இன்ஸ்பெக்டர் போன் பண்ணினாரு, அதுக்கப்புறம் என் பாப்பா யார்கிட்ட தூங்குவா மேடம்?" உட்காரும் முன்பே கேட்டாள். "ரெண்டரை வயசு. நான் தட்டிக் குடுக்காம கண்ணை மூட மாட்டா."

"நான் எதுக்கு இருக்கேன் அண்ணி?" என்றான் கொழுந்தன். "சித்தப்பா தட்டினா தூங்க மாட்டாளா? எனக்குத்தான் தூக்கமே போச்சு. மேடம், வந்ததுக்கு எனக்கும் ஒரு கயிறு போடுங்களேன்."

"உங்க அண்ணி சம்மதிச்சா போடலாம்."

அந்தப் பெண் தலையசைத்தாள்.

அவன் உற்சாகமாகத் தரையில் உட்கார்ந்தான். கயிற்றை நீட்டினான். மளமளவென்று வைக்க ஆரம்பித்தான்.

"இது நான் பொறந்தது. பூ. இது அம்மா போனது. கல்லு. இது வேலை கிடைச்சது, பூ. இது... அண்ணன் போனது. பெரிய கல்லா குடுங்க. இது ட்ரெய்னிங்குக்கு பஸ் ஏறினது. பூ."

அண்ணன் உயிர் போகும் முன்பே பஸ் ஏறியவன் என்றல்லவா இன்ஸ்பெக்டர் சொன்னார்?

"இன்னொரு தடவை வரிசையா சொல்லுங்க," என்றாள் கயிறு டாக்டர். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"வேலை... அண்ணன் போனது... பஸ் ஏறி..."

நின்றான்.

கல்லைப் பார்த்தான். பூவைப் பார்த்தான். பிறகு கயிறு டாக்டரின் முகத்தைப் பார்த்தான்.

கல்லை எடுத்து பூவுக்கு அந்தப் பக்கம் வைத்தான்.

"மாத்தி வச்சுட்டேன். ஊர்லருந்து திரும்பினப்பதான அண்ணன் போனது எனக்குத் தெரியும்?"

கயிறு டாக்டரின் கண் கல் முதலில் இருந்த இடத்திலேயே நின்றது. அது போதுமானதாக இருந்தது.

அவன் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டான். திரும்பி வந்தபோது அந்தப் பெரிய கல் அவன் கையில் இருந்தது.

"இந்தக் கயிறு விளையாட்டை கோர்ட்ல காட்டப் போறீங்களா?"

"மாட்டேன்."

"இங்க பேசினது வெளிய போகாதுல்ல?"

"போகாது."

"இங்க இருக்கறவங்களும் போகாம இருந்தா... இன்னும் நல்லது."

கல் மெல்ல உயர்ந்தது.

ஓட இடமில்லை. கயிறு டாக்டர் ஓடவும் இல்லை. அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"கல்லைப் பாருங்க. எவ்வளவு கனம்?"

"பேசாதீங்க."

"ரெண்டு மாசமா தூக்கிட்டே நடக்கறீங்க. தோள் வலிக்கலயா?"

"பேசாதீங்கன்னேன்ல!"

அப்போதுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். மெதுவாக, யாரிடமோ பேசுவது போல.

"அன்னிக்கு மத்தியானம் பாப்பா நடந்தா."

கல் அந்தரத்தில் நின்றது.

"நடக்கவே மாட்டான்னு டாக்டருங்க சொன்ன பொண்ணு. கட்டிலைப் பிடிச்சுட்டு எழுந்து மூணு எட்டு வச்சா. அவரு போனை எடுக்கல. பக்கத்து வீட்ல பாப்பாவை விட்டுட்டு அதைச் சொல்லத்தான் ஓடினேன்."

"இதை ஏன் அண்ணி போலீஸ்ல சொல்லல?"

"சொன்னா நம்ம சொந்தக்காரங்க என்ன பேசுவாங்க? அப்பனை முழுங்கிட்டு நடந்தான்னு சொல்ல மாட்டாங்க? ஆயுசுக்கும் அந்தப் பேரு அவளுக்கு வேணாம். நான் ஜெயிலுக்கே போறேன்."

போன வாரப் பூவுக்கு அர்த்தம் தெரிந்துவிட்டது, பாருங்கள்.

அவன் கை தானாகக் கீழே இறங்கியது. கல் உருண்டது.

"லிஃப்டை செக் பண்ணாமலே, பண்ணினதா கையெழுத்து போட்டேன் அண்ணி. ஆபீஸ்ல சொல்லிடுவேன்னான் அண்ணன். என் வேலை போயிடும்... கோவத்துல தள்ளினேன். லிஃப்ட் கதவு திறந்திருந்தது. ஒண்ணரை மணி. உடனே... உடனே போகல. முனகிட்டிருந்தான். நான் பஸ்ஸுக்கு ஓடிட்டேன்."

அதனால்தான் உயிர் போன நேரம் அவனைக் காப்பாற்றியிருக்கிறது.

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது.

"மூணு மணிக்கு நான் கீழருந்து கத்தினேனே... பாப்பா நடந்துட்டான்னு. பதில் வரல. எங்கயோ வேலையா இருக்கார்னு வந்துட்டேன்." கொழுந்தனை ஏறிட்டுப் பார்த்தாள். "அவருக்கு... கேட்டிருக்குமா?"

கயிறு டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சில கேள்விகளுக்கு அவ்வளவுதான் வைத்தியம்.

கதவு தட்டப்பட்டது. ஐந்து மணி.

"நான் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன்," என்றாள் கயிறு டாக்டர், அவனிடம். "இறக்கி வைக்கறதும் திரும்பத் தூக்கறதும் உங்க இஷ்டம்."

அவன் உருண்டு கிடந்த கல்லை எடுத்து ஓரமாக வைத்தான். பிறகு போய்த் தாழை நீக்கினான்.

"சார்... அண்ணியை விட்டுருங்க. நான்தான்."

இன்ஸ்பெக்டர் விலங்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் விழித்தார். எல்லாவற்றையும் கேட்டபின் அந்தப் பெண்ணிடம், "வீட்டுக்குப் போம்மா. பாப்பா தேடும்," என்றார். மன்னிப்புக் கேட்பது அவருக்கு அவ்வளவுதான் வரும்.

வாசலில் அவன் திரும்பினான்.

"மேடம்... ரெண்டு மாசத்துல இப்பத்தான் தோள் லேசா இருக்கு. அடுத்த புதன்கிழமை வரட்டுமா?"

இன்ஸ்பெக்டர் அவன் தோளில் கை போட்டார்.

"புதன்கிழமை எங்ககூட அப்பாயின்ட்மென்ட் தம்பி. இன்னும் பதினாலு வருஷத்துக்கு உன் டைரில இடமே இல்ல."