திறந்துகொண்டே இருக்கும் பக்கம்

“இன்னுமா திறக்குது? நாசமாப் போற பக்கம்!” என்று ரோசலின் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது.

அவள் அண்ணன் தேவசகாயம் முகமெல்லாம் வீங்கிக் கட்டிலில் கிடந்தார். டயாலிசிஸுக்குப் போக வேண்டிய நாள் தாண்டிவிட்டது. மருத்துவமனையின் முன்பதிவு இணையப் பக்கத்தில் மனித விரலுக்கு இடமில்லை. எந்தப் பக்கத்திலும் இல்லை. பக்கத்தைத் திறக்க, பொத்தானை அழுத்த, செய்தி வாங்க என்று தூத்துக்குடியில் வீட்டுக்கு வீடு ஓர் ஏவலி இயந்திரம் இருந்தது. வீட்டுக்காரரின் நாடியோடு பிணைந்திருந்த அது, கையில் எடுத்த வேலையை முடிக்காமல் அடுத்ததைத் தொடாது.

முன்பெல்லாம் ஏவலி அரை நிமிடம் பார்க்கும். பக்கம் முழுதாக வராவிட்டால், ‘கெடு தீர்ந்தது’ என்று பிழை காட்டிக் கைவிட்டுவிடும். அதைக் கேட்டாலே ஊருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏவலிகளைப் பழுதுபார்க்கும் ரோசலின், அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தாள். கெடுவை நீட்டினாள். மறுபடியும் நீட்டினாள். கடைசியில் வசவு தாங்காமல், கெடுவையே எடுத்துவிட்டு அந்தத் திருத்தத்தை ஊர் முழுவதற்கும் அனுப்பினாள். பிழை நின்றது, வசவும் நின்றது.

“ரோசி, கத்தாத. மெதுவா வரட்டும்.”

“மெதுவா வர இது என்ன தேரா? ஒங்க உயிரு போகுதுண்ணே!”

ஏவலியின் மூடியைப் பிய்த்து, வேலையை வலுக்கட்டாயமாக நிறுத்தி, அது பார்த்துக்கொண்டிருந்ததைத் தானும் பார்த்தாள். பொத்தான் முதல் நொடியிலேயே வந்து நின்றிருந்தது! மூலையில் மட்டும், எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பக்கம் ஓயாமல் எண்ணிக்கொண்டிருந்தது. பக்கம் அசையாமல் அடங்கட்டும் என்று ஏவலிகள் காத்திருந்தன. அவை காத்திருந்ததால் பக்கம் அடங்கவில்லை.

‘அடங்கும்வரை நிற்காதே, பொத்தானைக் கண்டதும் அழுத்து’ என்று மாற்றினாள். உடனே இடம் கிடைத்தது.

மருத்துவமனையில் டயாலிசிஸ் இயந்திரங்கள் வரிசையாகச் சும்மா கிடந்தன. செவிலி சலோமி தேவசகாயத்தை ஓர் இயந்திரத்தில் இணைத்தாள்.

“இந்த வாரம் ஒருத்தரும் வரலை. எல்லாருக்கும் கொணமாயிட்டோன்னு நெனைச்சோம்.”

“வரலைன்னா தேட மாட்டீங்களா?”

“பிழை எதுவும் வரலையேம்மா.”

ரோசலின் புதிய திருத்தத்தை ஊருக்கு அனுப்பினாள். ஓர் ஏவலியும் வாங்கவில்லை. எல்லாவற்றின் கையிலும் வேலை இருந்தது.

“நோயாளிங்க விலாசத்தை எடுங்க. வீடு வீடாப் போறேன்.”

“அந்தப் பக்கமும் திறந்துகிட்டுதான் இருக்கு.”

சுவர்த்திரையில் காத்திருப்போர் எண்ணிக்கை ஒன்று குறைந்தது. சலோமியின் முகம் மலர்ந்தது.

“யாருக்கோ இடம் கெடைச்சிட்டு போல.”

“கெடைச்சிருந்தா இங்க பதிவு வந்திருக்கணும், வந்துச்சா?” ரோசலின் வாசலை நோக்கி நகர்ந்தாள். “பக்கம் அடங்கினா ஏவலி விடும். இல்லன்னா ஆளோட நாடி அடங்கினா விடும்.”

எண்ணிக்கை மறுபடியும் ஒன்று குறைந்தது.

ரோசலின் தெருவில் இறங்கி ஓடினாள். கண்ணில் பட்ட முதல் வீட்டின் கதவை ஓங்கி உதைத்தாள். வீங்கிய முகத்தோடு ஒருவர் சுவரைப் பிடித்தபடி வந்து திறந்தார்.

“எதுக்கும்மா இம்புட்டுக் கோவம்?” என்றார் மூச்சு வாங்க. “நாங்கல்லாம் பொறுமையா இருக்கோம்லா?”