ஒன்பது நிமிடம்

காலை ஆறு மணி அடித்ததும் நாற்பது பேரும் அவரவர் சுவரில் இருந்த துளைக்குள் மூக்கை நுழைத்தார்கள். பல் விளக்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை அது. மூச்சுமானி பத்து விநாடி முகர்ந்து பார்க்கும். பச்சை விளக்கு எரிந்தால் காப்பிக் குழாய் திறக்கும். மஞ்சள் எரிந்தால் காப்பி கிடையாது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி முகரும். சிவப்பு எரிந்தால் என்ன ஆகும் என்று யாரும் பேசிக்கொள்வதில்லை.

வடிவுக்குப் பச்சை எரிந்தது. "இருபது," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். இருபதாம் நாள். இன்னும் ஒரே ஒரு நாள்.

நிலவில் குழாய்க்குள் கீரை வளர்க்கும் வேலைக்கு ஒப்பந்தத்தில் போனவள் அவள். மகள் கோமதியின் வளைகாப்புக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். அதற்குள் சாம்பல் காய்ச்சல் வந்து நிலவின் கதவுகளையெல்லாம் சாத்திவிட்டது. மகள் கைக்கு யார் யாரோ வளையல் போட்டதைத் திரையில் பார்த்து அழுதாள். கதவு சாத்தியதிலிருந்து ஐந்து மாதம் காத்திருந்த பிறகுதான் இந்தக் கப்பலில் இடம் கிடைத்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய் பக்கத்தில் இல்லாவிட்டால் எப்படி? அந்த ஒரு நினைப்பில்தான் அவள் மூச்சே ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் காய்ச்சல் இருபத்தொரு நாள் உடம்புக்குள் சத்தமில்லாமல் ஒளிந்திருக்கும். அதனால் கப்பல் நேரே இறங்காது. அத்தனை நாளும் பூமியைச் சுற்றிவரும். ஆளுக்கொரு கண்ணாடிக் கூண்டு. காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், அரிசி அளவில் ஒரு நெருக்கமானி. யாராவது இரண்டு பேர் ஒரு கை தூரத்துக்குள் வந்துவிட்டால் அது கூவும். நாற்பது பேருடைய கணக்கும் முதல் நாளுக்குத் திரும்பிவிடும். குற்றம் செய்யாதவர்களைப் பூட்டிவைக்கக் கூடாது என்பது சட்டம். எனவே கூண்டின் கொக்கி உள்பக்கம்தான் இருந்தது.

முன்னால் போன கப்பலில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பன்னிரண்டாம் நாள் கொக்கியைத் திறந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கப்பல் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

பக்கத்துக் கூண்டில் பர்னாந்து. தூத்துக்குடிக்காரர், நிலவில் பாரந்தூக்கி ஓட்டியவர். ஒலிக்குழாய் வழியாக அவர் பேச்சு எப்போதும் வந்துகொண்டே இருக்கும்.

"யக்கா, அந்த நார்த்தங்கா ஊறுகாய்ல ஒரு துண்டு... கொக்கிய லேசாத் திறந்து எறிஞ்சீங்கன்னா நான் எட்டிப் பிடிச்சுக்கிடுவேன்."

"நாக்க அடக்கும். நாளைக்குத் தரையில வச்சுப் பாட்டிலோட தாரேன்."

"நாளைக்கு எம் பொஞ்சாதி மீன்குழம்பு வைப்பா. உங்க ஊறுகாய் யாருக்கு வேணும்?" என்று சிரித்தவருக்குத் தண்ணீர் புரையேறிவிட்டது.

இருமினார். மறுபடி இருமினார். இருமல் சத்தத்துக்கே அவர் சுவரில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

நாற்பது பேரும் அந்த மஞ்சளையே பார்த்தார்கள். ஜன்னலில் இந்தியா வந்தது, போனது, யாரும் திரும்பவில்லை. ஒரு மணி நேரம் வடிவு தன் தாலியைக் கையில் பிடித்தபடி இருந்தாள். மூச்சுமானி மறுபடி முகர்ந்தது. பச்சை.

"இனிமே தண்ணி குடிக்கையில பேசினீரு, நானே வந்து கழுத்த நெரிச்சிருவேன்," என்றாள்.

"வாங்களேன். அப்பவும் கணக்கு முதல்ல இருந்துதான்," என்றார் பர்னாந்து. ஆனால் தண்ணீரைத் தள்ளி வைத்துவிட்டார்.

மறுநாள் கப்பல் இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே உப்பளம் வெள்ளையாகத் தெரிந்தது. வேலிக்கு அப்பால் ஆட்கள் கையசைத்தார்கள். அந்த நேரம் பார்த்து மருமகனிடமிருந்து அழைப்பு வந்தது.

"அத்தை, வலி கண்டுட்டு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். நீங்க எங்க இருக்கீய?"

"தரையில இருக்கேன் மாப்ள! தரையில!"

ஆஸ்பத்திரி அங்கிருந்து பன்னிரண்டு நிமிடம். கோமதி பேசியை வாங்கினாள். "எம்மா, நீ வராம நான் பெக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"பல்லக் கடிச்சுக்கோ மக்கா. இந்தா வந்துட்டேன்."

கப்பலின் குரல் ஒலித்தது: "உள்காற்று கழுவப்படுகிறது. வெளிக்கதவு ஒன்பது நிமிடத்தில் திறக்கும். வரிசை வரிசையாக அழைக்கும் வரை கூண்டுக்குள் அமர்ந்திருங்கள். கதவு திறக்கும் வரை இருபத்தொரு நாள் முடிந்ததாகக் கணக்கில்லை."

ஒன்று. இரண்டு. மூன்று.

நான்காவது நிமிடத்தில், முன்வரிசையில், 'டக்' என்று ஒரு கொக்கி திறந்தது. ஒருவர் வெளியே வந்து மேல்தட்டில் கை நீட்டினார்.

"ஒக்காருங்கய்யா!" வடிவு கண்ணாடியைத் தட்டினாள். "எம் பொண்ணு அங்க துடிச்சிட்டுக் கிடக்கா!"

"நான் சும்மா பையத்தாம்மா எடுக்கேன். யார் பக்கத்துலயும் போகல."

உண்மைதான், நெருக்கமானி கூவவில்லை. அதைக் கண்டதும் இன்னொரு கொக்கி திறந்தது. பிறகு நான்கு. ஒருவருக்கொருவர் ஒரு கை தூரம் விட்டு, கதவைப் பார்த்தபடி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். நடைபாதையோ ஓர் ஆள் அகலம்.

வடிவு ஏழாம் வரிசை. எழுந்தவர்களை எண்ணிப் பார்த்தாள். பதினாறு பேர். இவர்கள் எல்லோரும் இறங்கி, பிறகு நான் இறங்கி... இருபது நாள் நார்த்தங்காய்க்குக்கூட அசையாத அந்தக் கை தானாகப் போய்க் கொக்கியைத் தொட்டது.

டக்.

வெளியே காலை வைத்தாள். பையை இழுத்தாள். பை ஒருவர் தோளில் இடித்தது. திரும்பினால் பர்னாந்து, தன் பெட்டியை அணைத்தபடி, அசடு வழிய நின்றுகொண்டிருந்தார்.

நாற்பது காறை எலும்புகளும் ஒன்றாகக் கூவின.

கூச்சல், அழுகை, வசவு. எல்லாம் அடங்கிய பிறகு கப்பலின் குரல் கேட்டது. அதில் கோபமே இல்லை. "அறிக்கைக்காகக் கேட்கிறேன். கதவு மூடியிருந்தது. வரிசையும் மாறப்போவதில்லை. எதற்காக எழுந்தீர்கள்?"

நாற்பது வகைப் பயத்தையும் கலவரத்தையும் ஆராய்ந்து அந்தக் கப்பலைக் கட்டியிருந்தார்கள். இது எந்தப் பட்டியலிலும் இல்லை. காரணம் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டு கப்பல் மேலே கிளம்பியது.

பயப்படாதீர்கள் கண்ணுகளா, பிள்ளை நல்லபடியாகத்தான் பிறந்தது. ஒன்பதாவது நிமிடத்தில், கதவு திறந்திருக்க வேண்டிய அதே நேரத்தில். பெண் குழந்தை. வடிவு பேசியைக் காதில் வைத்து அதன் அழுகையைக் கேட்டபடியே உப்பளம் சிறுத்துச் சிறுத்து மறைவதைப் பார்த்தாள்.

"யக்கா..." என்றார் பர்னாந்து.

"பேசாதேயும்."

"இல்ல, நீங்க மொதல்ல எறங்கட்டும்னு வழி விடத்தான் எந்திச்சேன்."

"அதுக்குப் பெட்டி எதுக்கு?"

அவர் பெட்டியைக் காலுக்கடியில் தள்ளினார்.

கப்பல் பழைய சுற்றுப்பாதையை நெருங்கியது. "நிலைகொள்ள இன்னும் இரண்டு நிமிடம்," என்றது குரல். "இங்கே இறங்க இடம் இல்லை. தயவுசெய்து அமர்ந்தே இருங்கள்."

பின்வரிசையில் எங்கேயோ ஒரு கொக்கி 'டக்' என்றது.