முந்நூற்று முப்பது பங்கு பச்சை

திருப்பூரில் வீட்டுச் சுவருக்கு யாரும் வர்ணம் அடித்து நாற்பது வருடமாகிறது. எல்லாம் வெறும் சிமெண்டு. ஆனால் அதை அப்படி யாரும் பார்த்ததில்லை. எல்லார் கண்ணிலும் காட்சிவில்லை இருந்தது. வீட்டுக்காரர் எழுதிவைத்த ஒப்பனைத்தாளை அது படித்து, சுவருக்கு நிறம் பூசிக் காட்டிவிடும். அந்தக் காலத்தில் இணையப் பக்கத்தின் நிறத்தையும் அமைப்பையும் உலாவிக்குச் சொல்ல சி.எஸ்.எஸ். என்று ஒன்று எழுதினார்களே, அதன் பேரப்பிள்ளைதான் இது.

ஒப்பனைத்தாளைப் படித்துப் புரிந்துகொள்ளும் பகுதிக்குப் பகுப்பான் என்று பெயர். அதைத் திருத்தி எழுதும் வேலை கோயம்புத்தூரில் நிரல் எழுதும் மரகதத்தின் தலையில் விழுந்தது. மொத்தம் பதினோராயிரம் வரி, ஆளுக்கு ஆள் ஒட்டுப்போட்டது. எட்டு மாதம் உட்கார்ந்து அதைச் சரியாக மூவாயிரம் வரியாக்கினாள். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகம்தான். இருக்கட்டுமே, பட்ட பாடு அப்படி.

தூக்கிப்போட்டவற்றில் நான்கு வரி மட்டும் விசித்திரமாக இருந்தது. ஒப்பனைத்தாளில் நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களால் சொல்ல வேண்டும். எந்த எண்ணும் 255-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் 255 என்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. பழைய பகுப்பானோ, 256-ஐப் பூஜ்யமாக்கி, மறுபடி அங்கிருந்து எண்ண ஆரம்பித்தது. அந்த வரிகளுக்கு மேலே யாரோ குறிப்பு எழுதியிருந்தார்கள்: “இது ஏன் என்று தெரியவில்லை. எடுக்காதீர்கள்.”

“தெரியலைன்னா எதுக்குங்க்கா வச்சிருந்தாங்க?” என்று கேட்டான் சோதனைப் பிரிவு சுகந்தன்.

“பயந்தான். வேறென்ன?” என்று சொல்லி, மரகதம் நான்கு வரியையும் அழித்தாள்.

புதிய பகுப்பான் வியாழக்கிழமை எல்லார் வில்லைக்கும் போக வேண்டும். அதற்கு முந்தின ஞாயிறு, சோதனைப் பதிப்பைத் தன் வில்லையில் மட்டும் ஏற்றிக்கொண்டு, அம்மாவைப் பார்க்கத் திருப்பூருக்குப் போனாள். தெருமுனை திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வீடு பச்சையாக இருந்தது. சாதாரணப் பச்சை இல்லை, கண்ணைக் குத்தும் கிளிப்பச்சை.

அவள் பிறந்து வளர்ந்த வீடு கத்தரிப்பூ நிறம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த நிறம் தெரிந்ததுமே புத்தகப்பையின் கனம் பாதியாகிவிடும். தெருவில் எல்லாருக்கும் அவள் கத்தரிப்பூ வீட்டுப் பெண்தான். அப்பா நிதர்சன் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆன பிறகும், அந்தச் சுவரைப் பார்த்தால் அவர் உள்ளே காபி குடித்துக்கொண்டிருப்பதாகவே தோன்றும்.

அங்கேயே நின்றபடி அப்பாவின் ஒப்பனைத்தாளைத் திறந்து பார்த்தாள். சிவப்பு 90, பச்சை 330, நீலம் 140. அப்பா சாயப்பட்டறைக்காரர். அங்கே சாயத்தைக் கூடப் போட்டால் நிறம் கூடும். அந்தப் பழக்கத்தில் பச்சையை 330 என்று அள்ளிப் போட்டிருக்கிறார். பழைய பகுப்பான் சுற்றிவந்து அதை 74 என்று எடுத்துக்கொண்டது. பச்சை அமுங்கி, மற்ற இரண்டும் தூக்கலாகி, கத்தரிப்பூ வந்துவிட்டது. ஆக, முப்பத்தாறு வருடமாக அவர்கள் குடியிருந்தது ஒரு பிழைக்குள்.

அம்மா தன்ஷிகா வாசலுக்கு வந்தாள். அவள் கண்ணுக்கு வீடு இன்னும் கத்தரிப்பூதான்.

“என்ன கண்ணு, ஊட்டைப் புதுசாப் பாக்கற மாதிரி நிக்கறே?”

மரகதத்துக்கு மறைக்க மனம் வரவில்லை. விஷயத்தைச் சொல்லி, சோதனைப் பதிப்பை அம்மாவின் வில்லையிலும் ஏற்றினாள். அம்மா வாசற்படி இறங்கித் தெருவுக்கு வந்து சுவரைப் பார்த்தாள்.

“இதுதான் அந்தப் பச்சை,” என்றாள். “எனக்குக் கிளிப்பச்சைன்னா உசுரு. கட்டிக்கிட்டு வந்தப்ப, ஊட்டையே கிளிப்பச்சையாக்கிப் போடறேன்னாரு உங்கப்பா. மூணு நாளு உக்காந்து எழுதுனாரு. வந்தது கத்தரிப்பூ. நான் சிரிச்சுப்போட்டேன். மனுசனுக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. நான் நெனச்சதே இதைத்தான்னுட்டாரு. சாகற வரைக்கும் அதையேதான் சொன்னாரு. நானும் நம்புன மாதிரியே இருந்துட்டேன்.”

“உனக்குப் புடிச்ச பச்சைதான் இப்ப வந்துருச்சேம்மா.”

“வந்து என்ன பண்ண? இந்தப் பச்சை ஊட்ல நானும் அவரும் ஒருநாக்கூட இருந்ததில்லையே. வியாழக்கிழமை தெருவே பாக்கும். அத்தனை வருசம் சமாளிச்ச மனுசனை நீயே காட்டிக் குடுக்கப்போறியா?”

“அது ஒரு நொடி வேலைம்மா. 330-ஐ அழிச்சுட்டு 74-னு எழுதிட்டா, பழைய நிறமே வந்துரும்.”

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவரு எழுதுனதைத் தொடாதே கண்ணு. ஊடும் இருந்தபடி இருக்கோணும், அவரு எழுதுனதும் எழுதுனபடி இருக்கோணும்.”

இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டுமென்றால், பகுப்பானில் பிழையும் இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை மரகதம் எல்லா ஒப்பனைத்தாள்களையும் சலித்துப் பார்த்தாள். 255-ஐத் தாண்டியவை நான்கு லட்சத்துக்கு மேல் இருந்தன. எழுதியவர்களில் பாதிப் பேர் உயிரோடு இல்லை. அவள் அந்த நான்கு வரியையும் திரும்ப வைத்தாள்.

“மூவாயிரத்து நாலா?” என்றான் சுகந்தன். “இது விதியிலயே இல்லையேக்கா. சரி, ஏன்னு மேல ஒரு குறிப்பு எழுதுங்க. இல்லாட்டி அடுத்து வர்றவங்க எடுத்துப்போடுவாங்க.”

மரகதம் எழுத உட்கார்ந்தாள். சாயப்பட்டறை, கிளிப்பச்சை, அப்பாவின் ரோசம் என்று அரைப்பக்கம் வந்துவிட்டது. பிறகு கை நின்றது. இந்தக் குறிப்பை ஆயிரம் பேர் படிப்பார்கள். பெண்டாட்டியிடமே கடைசிவரை ஒப்புக்கொள்ளாத மனுசனை ஊருக்கு முன்னால் நிறுத்துவதா? எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே வரி எழுதினாள்.

“இது ஏன் என்று தெரியவில்லை. எடுக்காதீர்கள்.”

எழுதி முடித்த பிறகுதான், முதலில் இதை எழுதியவரும் தெரிந்தேதான் எழுதியிருப்பார் என்று அவளுக்குப் பட்டது. அது யார் வீட்டுச் சுவரோ.

சுகந்தன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். “என்னக்கா, உங்களுக்குமா தெரியலை?”

“தெரியலை,” என்றாள் மரகதம்.