வீட்டு முகவரியிலிருந்து ஓர் இணைப்பு

டேட்டாபேஸுக்குள் இப்போது யார் இருக்கிறார்கள் என்று காட்டும் இணைப்புப் பட்டியலில் அவள் பெயர் மட்டும்தான் இருந்திருக்க வேண்டும். இரண்டு பெயர்கள் இருந்தன.

மற்றது அவள் கணவனுடையது, வீட்டு முகவரியிலிருந்து. அவன் செத்து மூன்று மாதமாகிறது.

விடுமுறை நாளின் மத்தியானம். சர்வர் அறையில் விசிறிகளின் ஓயாத இரைச்சல், சூடேறிய பிளாஸ்டிக் வாசனை, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஆளில்லாத வராந்தாவில் நீண்டு கிடக்கும் வெயில். இந்த டேட்டாபேஸோடு இருவரும் சேர்ந்துதான் மாரடித்தார்கள். உடம்பு முடியாமல் போனபோது, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதிக் கோப்பில் அவன் தனக்கென்று ஒரு வரி எழுதிக்கொண்டான்: இந்தப் பெயர், வீட்டு முகவரி, உள்ளே விடு. அதை அவள் இத்தனை நாள் தொடவில்லை. அவன் இன்னும் உள்ளே வரலாம் என்றிருந்த இடம் அது ஒன்றுதான்.

"இன்னிக்கு எடுத்துடும்மா," என்று காலையில் மேனேஜர் போனில் சொல்லியிருந்தார். "செத்தவருக்கு லாகின் வெச்சிருக்கீங்களேன்னு ஆடிட்டர் சிரிக்கிறான்."

வீட்டுக்குப் போன் போட்டாள். மாமியார் எடுத்தாள்.

"அத்தை, அவரு ரூம்ல யாரு?"

"நீதானே? கதவச் சாத்திக்கிட்டு டக்டக்குன்னு தட்டிக்கிட்டே இருக்க. சாப்பிடக் கூப்பிடலாமான்னு பாத்தேன்."

"நான் ஆபீஸ்ல இருக்கேன் அத்தை."

மறுமுனையில் டக்டக்கென்ற சத்தம் அவளுக்கும் கேட்டது.

அவள் வரியை நீக்கினாள். அது புதிதாக வருபவரைத்தான் தடுக்கும். ஏற்கெனவே உள்ளே இருப்பவரைத் தனியாக வெட்டிவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் குழாயை எடுத்துவிடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதும் இதே கைதான்.

வெட்டினாள்.

"சத்தம் நின்னுடுச்சும்மா," என்றது போன். "கதவு தொறக்குது." மூச்சு. "என்னைத் தாண்டிப் போறான்மா. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவே இல்ல. செருப்புகூடப் போடல."

போன் இணைப்பு அறுந்தது.

உள்ளே நுழையப் பார்த்தவருக்கான மறுப்புகள் திரையில் விழ ஆரம்பித்தன. அவன் பெயர். ஆபீஸ் கீழ்த்தளத்து வரவேற்பு மேசைக் கம்ப்யூட்டர். அனுமதி இல்லை. மேனேஜர் அறை. அனுமதி இல்லை. வராந்தா முனை. இல்லை. இல்லை.

பிறகு எதுவுமில்லை. விசிறிகள் மட்டும்.

அப்போதுதான் உறைத்தது. வெளியிலிருந்து வரும் வழியைத்தான் அடைத்திருக்கிறாள். இதே மெஷின் முன் உட்கார்ந்து நுழைபவரிடம் எதுவும் கேட்காதே என்று அவன் வைத்த இன்னொரு வரி அப்படியே இருக்கிறது. "இங்க உக்காரப்போறது நாம ரெண்டு பேரு. நமக்குள்ள என்னத்துக்கு பாஸ்வேர்டு?" என்றிருந்தான் அன்று.

பட்டியல் மாறியது. அவன் பெயர். இந்த மெஷின்.

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது.

அவள் நிமிரவில்லை. மேசைக்கடியில், அவள் செருப்பை ஒட்டி, புழுதி படிந்த வெறுங்கால்கள். குளிர்ந்த கை ஒன்று, ஊசி ஏற்றிய இடத்தில் பிளாஸ்திரி இன்னும் ஒட்டியிருக்க, அவள் கையின் மேல் வந்து படிந்தது.