ஆள் இல்லை

புருஷன் செத்த தொழிற்சாலையிலேயே அவளுக்கு வேலை போட்டுக் கொடுத்தார்கள். வாயை அடைக்கத்தான் என்பது கொடுத்தவர்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். முதல் நாள் மதிய ஷிஃப்டுக்கு வந்து கன்ட்ரோல் ரூமில் நின்றபோது, அங்கிருந்த நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடியில் அடிக்கலாமா என்றிருந்தது. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

டிரைவர் இல்லாமல் தானே ஓடுகிற வண்டிகளுக்கு ஓட்டம் பிரித்துக் கொடுப்பதுதான் வேலை. எந்த வண்டி கிடங்கில் இரும்புத் தகடு ஏற்ற வேண்டும், எது சார்ஜுக்குப் போக வேண்டும், முனையில் இரண்டு வண்டி முகத்தோடு முகம் முறைத்துக்கொண்டு நின்றால் எது வழிவிட வேண்டும், எல்லாம் அவள் கையில். சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. எந்த வண்டியைப் பார்த்தாலும் இதுவா அவனைக் கொன்றது, இதுவா என்று தேடுவதுதான் நிற்கவில்லை.

கிடங்குக்குப் பின்னால் ஒரு நீளச் சந்து. வண்டிகள் லேசரால் வழி பார்ப்பவை, அவற்றுக்கு வெளிச்சம் எதற்கு என்று அங்கே விளக்குகளைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். உச்சி வெயில் கொளுத்தும்போதும் உள்ளே கும்மிருட்டு. சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்த, லேசருக்கு வழிகாட்டும் ஒரு தகட்டை ஒட்டப் போன ஃபிட்டர், அவள் புருஷன், அந்த இருட்டில்தான் வண்டியில் நசுங்கிச் செத்தான்.

'அவரது கவனக்குறைவே காரணம்' என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. தெருவைக் கடக்கும்போது ஒற்றை வழிச் சாலையிலும் இரண்டு பக்கம் பார்க்கிற மனுஷன். அவனுக்குக் கவனக்குறைவாம்!

அவள் வந்த அன்றே அது ஆரம்பித்தது. சந்தில் போன வண்டி நடுவழியில் நின்றது. திரையில் மஞ்சளாய் ஒரு வரி.

எதிரே ஆள்: 1.

கேமராவில் சாம்பல் நிறத்தில் வெறும் சந்து. வாக்கி டாக்கியில் ஃபோர்க்லிஃப்ட்காரரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, பின்சந்துல யாராவது நிக்கிறாங்களா?"

அவர் டார்ச்சோடு போனார்.

"யாரும் இல்லம்மா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா யாரோ மூச்சு விடுற மாதிரி இருக்கு. என்னை இன்னொரு தடவ அனுப்பாத தாயி."

மறுநாளும் வண்டிகள் அதே இடத்தில் நின்றன. அதற்கடுத்த நாளும். பெயின்ட் பிரிவு வழியாகச் சுற்றி அனுப்பினாள். சுற்று நீண்டது, பாதி வழியில் வண்டிகளுக்கு சார்ஜ் இறங்கியது, மெஷின்கள் தகடில்லாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

மேனேஜர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்னம்மா பண்ற? உன்னால என் தலைதான் உருளுது!"

"ஆள் இருக்குன்னு காட்டுது சார்."

"அது கண்டதையும் காட்டும்." அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, திரையின் ஓரத்தில் இருந்த சிவப்புக் கட்டத்தைக் காட்டினார். 'ஆள் இல்லை' என்று போட்டிருந்தது. "இத ஒரு தட்டு தட்டு. வண்டி எதையும் பாக்காம நேரா போயிடும். நான் எப்பவும் அப்படித்தான் பண்ணுவேன்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எப்பவும்.

அவள் நாற்காலியோடு அவர் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்குமா சார்?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "பழசையெல்லாம் கிளறாதே. அழுத்து!"

"நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க. ஆள் இல்லன்னு அங்கேருந்து சொல்லுங்க. அழுத்துறேன்."

வீம்புக்குத்தான் போனார். கேமராவில் அவருடைய டார்ச் ஆடி ஆடி வந்து, சந்தில் நின்றுபோயிருந்த வண்டிக்கு முன்னால் நின்றது.

"பாரு, ஒருத்தனும் இல்ல!" வாக்கி டாக்கியில் கத்தினார்.

திரையில் எண் மாறியது.

எதிரே ஆள்: 2.

"சார், கொஞ்சம் நகருங்க."

டார்ச் ஒளி மேலும் கீழும் துள்ளியது, இடம் மாறவில்லை.

"சார்?"

"நகர முடியல." குரல் குழறியது. "காலை... யாரோ காலைப் பிடிச்சிருக்காங்க."

வண்டி அசைந்தது.

அவள் எதையும் தொடவில்லை. இரண்டு கையும் மடியில் இருந்தன. சிவப்புக் கட்டம் மட்டும், யாரோ விரல் வைத்து அழுத்திய மாதிரி, தானாக உள்ளே அமுங்கியது.

"நிறுத்து! ஐயோ, நிறுத்தும்மா!"

எல்லா வண்டிகளையும் நிறுத்துகிற அவசர நிறுத்தப் பொத்தான் அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் கை அதற்குப் போகவில்லை. தொழிற்சாலை முழுக்கக் கேட்கிற ஒலிபெருக்கியோடு வாக்கி டாக்கியை இணைத்தாள்.

"அன்னிக்கு அழுத்தினது யாரு?"

"நான்தான்! ஆள் இருக்குன்னு காட்டுச்சு, லோடு தாமதமாகுதுன்னு நான்தான் அழுத்தினேன்! அவன் மேல தப்பே இல்ல!"

அத்தனை மெஷினையும் மீறி அந்தக் குரல் கூரையில் மோதித் திரும்பியது. ஒவ்வொரு மெஷினாக நின்றது.

அவள் அவசர நிறுத்தத்தைக் குத்தினாள். எல்லா வண்டிகளும் செத்து நின்றன.

அந்த ஒன்று மட்டும் நிற்கவில்லை.

கரண்டே இல்லாமல், அங்குலம் அங்குலமாக, இரும்புச் சுமையோடு அவரை நோக்கி ஊர்ந்தது. மேனேஜர் அழ ஆரம்பித்திருந்தார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், போகட்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

பிறகு ஒலிவாங்கியை வாயருகே இழுத்தாள்.

"போதும்ங்க," என்றாள். "இவன் செத்துட்டா யாரு பதில் சொல்றது? உயிரோட இருந்து எல்லார் முன்னாடியும் சொல்லட்டும். விடுங்க அவனை."

வண்டி நின்றது. முன்தகடு அவர் முழங்காலில் உரசிக்கொண்டிருந்தது.

தூக்கி வந்தபோது இரண்டு கணுக்காலிலும் விரல் பதிந்த கறுப்புத் தடங்கள் இருந்தன. வேலையாட்கள் ஒருவரும் மெஷினுக்குத் திரும்பவில்லை. வாசலில் உட்கார்ந்து போலீஸ் வரும்வரை நகர மாட்டோம் என்றார்கள். மேனேஜர் போலீசிடமும் அதையே சொன்னார். 'கவனக்குறைவு' என்று எழுதிய பழைய கடிதத்தைக் கம்பெனி திரும்ப வாங்கிக்கொண்டது. சந்தில் விளக்கு போட்டார்கள். வண்டிகள் நிற்காமல் ஓடின.

சில மாதம் கழித்துப் புது மேனேஜர் வந்தார். நல்லவராகத்தான் தெரிந்தார். அன்று மாலை அவள் கிளம்பும்போது சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, அவசரத்துக்கு அந்த 'ஆள் இல்லை' பட்டனை யூஸ் பண்ணிக்கலாம்ல? தினமுமா விபத்து நடக்குது?"

அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலில் நின்று கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். ஆள் நடந்தால் மட்டும் எரிகிற அலுவலக நடைவழி விளக்குகள், ஒன்றன்பின் ஒன்றாக எரிந்துகொண்டே போயின, புது மேனேஜரின் அறையை நோக்கி.

நடைவழி காலியாக இருந்தது.