சேதி வராத தசை

ஒலிபெருக்கியில் கேட்ட சத்தம் அந்தக் கைக்கு உரியதல்ல.

தசைப் பரிசோதனை அறையில் பதினோரு வருடம் ஊசி குத்தியவளுக்கு அது முதல் நொடியிலேயே உறைத்தது. கட்டிலில் மல்லாந்து கிடந்த தையல்காரருக்கு ஒரு விபத்தில் வலது கைக்குப் போகும் நரம்புகள் அறுந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அப்படி அநாதையாகிப்போன தசைக்குள் ஊசி போனால், தசையின் மின்துடிப்பை ஒலியாக்கும் மெஷினில், தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல மெல்லிய சலசலப்பு கேட்கும், அவ்வளவுதான். இதுவோ மூட்டை தூக்கும் கையின் இரைச்சல். நான்கு சுவர்களிலும் மோதி, ஸ்பிரிட் வாடைக்குள் புகுந்து, மூடிய ஜன்னலின் வெயில் கீற்றுவரை அதிரச் செய்வதுபோல் இருந்தது. ஆனால் கை அசையவேயில்லை.

"கையைத் தளர்த்துங்க ஐயா."

"நான் எங்கம்மா இறுக்கினேன்? அது என் பேச்சைக் கேட்டு மாசக்கணக்காச்சு."

"மூளையிலிருந்து சேதி வந்தாத்தான் தசை சுருங்கும், எலும்பை இழுக்கும். உங்களுக்கு வழியே அறுந்து கிடக்கு. மெஷின்லதான் ஏதோ கோளாறு."

"நூலே இல்லாம மெஷின் தைக்குதுன்னு சொல்லுங்க" என்று அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊசியை உருவினாள். இரைச்சல் நின்றது. மெஷினைச் சோதிக்கத் தன் வலது முன்கையில் இரண்டு ஒட்டுத் தகடுகளைப் பதித்து, கையை மேசைமேல் தளர விட்டாள். அமைதி. விரல்களை மடக்கி முஷ்டி பிடித்தாள். திரையில் கோடுகள் கொத்தாக எழும்பின, ஒலிபெருக்கி இரைந்தது. சரியாகத்தான் வேலை செய்தது. அப்பாடா என்று விரல்களைப் பிரித்தாள்.

பிரியவில்லை.

இடது கையால் கட்டைவிரலை நெம்பினாள். கல்லாக இருந்தது. நகங்கள் உள்ளங்கையில் இறங்கின. முழங்கை தானாக மடங்கியது, மெதுவாக, பழகிப் பார்ப்பதுபோல.

"அம்மா..." தையல்காரர் கூப்பிட்டார். "என் கை."

திரும்பினாள். நான்கு மாதம் செத்துக் கிடந்த கை முஷ்டி பிடித்திருந்தது. அவளுடையது மடங்க, அதுவும் மடங்கியது. ஒரே வேகம். ஒரே கோணம்.

தகடுகளைப் பிய்த்தாள். சத்தம் நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. சத்தம் நிற்கவில்லை. இப்போது அது அவள் தோளுக்குள் கேட்டது. பிறகு கழுத்தில்.

கதவைப் பார்த்தாள். கால் எழவில்லை. கத்த வாயெடுத்தாள். தாடை கிட்டித்துக்கொண்டது.

வெளியிலிருந்து நர்ஸ் கதவைத் தட்டினாள். "அக்கா, முடிஞ்சுதா? அடுத்தது அந்தச் சின்னப் பொண்ணு. ஊசின்னா பயமாம், கொஞ்சம் பார்த்துக்குங்க."

வேண்டாம். கூட்டிக்கொண்டு போய்விடு. மனதுக்குள் அலறினாள்.

தாடை விட்டது. நாக்கு புரண்டது. உதட்டோரம் இழை இழையாகச் சுருங்கி, கன்னத்தை மேலே இழுத்து, ஒரு புன்னகையைக் கட்டியது.

"அனுப்பு" என்றது அவள் வாய், அவள் குரலிலேயே.

கட்டிலில் தையல்காரரின் உதடுகளும் அதே சொல்லுக்கு அசைந்தன. அதே புன்னகை. கண்களிலிருந்து மட்டும் நீர் வழிந்துகொண்டிருந்தது.