அட்டைப்படத்துக் கடற்கரை

மூன்று சங்குகள் கிடந்தன. மூன்றும் ஒன்றுபோல இருந்ததில் அதிசயமில்லை. சங்கு பின்னே சங்கு போலத்தான் இருக்கும். ஆனால் மூன்றிலும் இடது ஓரம் ஒரே மாதிரி உடைந்திருந்தது. மூன்றின் முதுகிலும் ஒரே இடத்தில் ஒரு மணல் பருக்கை ஒட்டியிருந்தது. மூன்றின் நிழலும் ஒரே அளவுக்கு வளைந்து விழுந்திருந்தது. மனைவி குனிந்து நடுவில் கிடந்ததை எடுத்து, துடைத்து, உள்ளங்கையில் வைத்து ரசித்தாள்.

அவள் எடுத்தது ஒன்று. மணலில் விழுந்த குழி மூன்று.

ரப்பர் பார்த்துக்கொண்டுதான் நின்றார். கண்ணால் பார்த்ததைச் சொல்லாமல் விழுங்குவது அவருக்குப் பழகிப்போன காரியம்.

ரப்பர் என்பது ஆபீஸில் வைத்த பெயர். சுற்றுலா விளம்பரப் புத்தகங்கள் அடிக்கும் அச்சகத்தில் முப்பத்தி நான்கு வருஷம் படங்களைச் சுத்தம் செய்தவர். கடற்கரைப் படம் ஒன்று வந்தால் போதும், அதிலிருக்கும் குப்பை, கரண்டுக் கம்பி, நாய், தொப்பை, குடை பிடித்த மாமியார், குடை கிடைக்காத மருமகள் என்று சகலத்தையும் துடைத்தெடுத்து, கடவுள் அன்று காலைதான் செய்து முடித்த மாதிரி ஆக்கிவிடுவார். மந்திரம் ஒன்றுமில்லை. பக்கத்திலிருந்து கொஞ்சம் மணலை எடுத்து ஆள் மேல் பூச வேண்டும். தண்ணீரில் நிற்கிற ஆளென்றால் பக்கத்து அலையை எடுத்துப் போர்த்த வேண்டும். ஒரே அலை இரண்டு இடத்தில் வந்தால் திருட்டு தெரிந்துவிடும். அதனால் லேசாகக் கலைத்துவிட வேண்டும். அவ்வளவுதான். அவர் அழித்த ஆட்களை வரிசையாக நிறுத்தினால் தனியாக ஒரு நாடு ஆரம்பித்து அதற்குத் தேர்தலும் நடத்தலாம். எந்தப் படத்தில் எந்தப் புள்ளியைக் கண்டாலும் அவருடைய வலது கட்டைவிரல் தானாகப் போய்த் தேய்க்கும். ஒரு கல்யாணப் பத்திரிகையை அப்படித் தேய்த்தே மாப்பிள்ளையை மாற்றிவிட்டார் என்று மனைவி சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், அப்பா அழகாக்கிய தீவை அம்மா கண்ணால் பார்க்கட்டும் என்று மகள் இரண்டு பேரையும் விமானம் ஏற்றி அனுப்பிவைத்தாள். மனைவியின் கைப்பையில் அந்தப் பழைய விளம்பரப் புத்தகம் இருந்தது. தீவின் மிக அழகான ஐந்து கடற்கரைகள். நாலு நாளில் நாலு முடிந்தது. ஒவ்வொரு கரையிலும் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, அவர் அழித்ததையெல்லாம், ஒளிந்து விளையாடிய குழந்தையைப் பிடித்த மாதிரி பிடித்துக் காட்டினாள்.

"இம்மாம் பெரிய சாக்கடைக் குழாய எங்கங்க மறைச்சு வச்சிருந்தீங்க?"

அவரும் சிரிப்பார். ஐந்தாவது கரை என்றதும் சிரிப்பு நின்றுவிடும். அதுதான் முதலிடம் பெற்றது, அட்டையில் வந்தது. அங்கே மட்டும் போகாமலிருக்க முட்டிவலி, தலைசுற்றல், வயிற்றுப்பொருமல், பெயரில்லாத ஒரு காய்ச்சல் என்று நாளுக்கு ஒரு நோயை வரவழைத்துக்கொண்டார். கடைசி நாள் அவள் மசியவில்லை. மிச்சமிருக்கிற நோயையெல்லாம் படகில் உட்கார்ந்து சொல்லுங்கள் என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். படகுக்காரர் இருவரையும் இறக்கிவிட்டு, நாலு மணிக்கு வருவதாகச் சொல்லி, பாறையைச் சுற்றி மறைந்தார்.

கரை அட்டையில் இருந்தபடியே இருந்தது. ஆள் இல்லை, குப்பை இல்லை, ஒரு காக்கை இல்லை. மணல் சலவைக்குப் போய் வந்த மாதிரி கிடந்தது.

மனைவி புத்தகத்தையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் அன்றுவரை அவர் காணாத ஒரு மரியாதை வந்தது.

"இதுல நீங்க கை வைக்கவே இல்ல, பாருங்க. அப்படியே இருக்கு. நீங்க பண்ணதுலயே நேர்மையான படம் இதுதாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். காது மடல் எரிந்தது. வெயில் என்று அவள் நினைத்திருப்பாள்.

அந்தப் படம் அவர் மேஜைக்கு வந்தபோது தண்ணீரில் வெகு தூரத்தில் ஒரு புள்ளி இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தார். கை. ஐந்து விரலும் விரிந்த கை. யாரோ குளித்துக்கொண்டே கையாட்டுகிறார் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தார். குளிக்கிறவருக்குக் கைக்குக் கீழே தலை இருக்கும். இதில் தண்ணீர்தான் இருந்தது. படம் எடுத்து மூன்று நாளாகியிருந்தது. இனி யாரையும் காப்பாற்ற முடியாது. அட்டை மாலைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். பக்கத்திலிருந்து ஒரு நுரையை எடுத்துப் போர்த்தினார். அவசரத்தில் கலைக்க மறந்துவிட்டார். அச்சாகி வந்த அட்டையில் ஒரே நுரை அருகருகே இரண்டு முறை இருந்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு பெண் அச்சகத்துக்கு வந்தாள். கையில் கணவனுடைய பாஸ்போர்ட் அளவுப் படம். அன்றைக்கு அந்தக் கரைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாராம். அன்று அங்கே படம் எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டு வந்தாளாம்.

"அந்தப் படத்துல இவர் இருக்காரா சார்? என்ன விட்டுட்டுப் போயிட்டாரா, கடல்ல போயிட்டாரானு தெரிஞ்சா போதும். வந்தா திறக்கணுமேனு கதவுக்குத் தாழ்ப்பாளே போடறதில்ல."

மானேஜர் ரப்பரைப் பார்த்தார். அசல் படம் அப்போதும் கணினியில் இருந்தது. இரண்டு தட்டுத் தட்டினால் அவள் முன் திறந்திருக்கும். அச்சடித்த அட்டைகள் கட்டுக்கட்டாகச் சுவரோரம் நின்றன.

யாரும் இல்லம்மா என்றார் ரப்பர்.

அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நன்றி. அன்று சாயங்காலம் அசலையும் அழித்தார். பன்னிரண்டு வருஷமாக ராத்திரி தன் வீட்டுத் தாழ்ப்பாளைப் போடும்போதெல்லாம் அவர் விரல் ஒரு கணம் நிற்கும். மனைவியிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்போது சொல்லிவிடலாமா என்று நினைத்தார். வாயைத் திறந்து காற்றை உள்ளே இழுத்தார். அப்போதுதான் கவனித்தார், கடலுக்கு வாசனை இல்லை. உப்பு இல்லை, பாசி இல்லை, செத்த மீன் இல்லை. மிக மெல்லியதாக, புதுப் புத்தகத்தைப் பிரித்தால் வருமே, அந்த மை வாடை மட்டும் வந்தது. அலைச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். அலை வந்தது, உடைந்தது, நடுவில் தொண்டை கமறுவது போல ஒரு சின்னச் செருமல் செருமிவிட்டுப் பின்வாங்கியது. அடுத்த அலை வந்தது. அதே இடத்தில் அதே செருமல். அதற்கடுத்ததும். பாறை நிழல் விழுந்த இடத்தில் இன்னொரு பாறை, அதே விரிசலோடு. திரும்பிப் பார்த்தார். இருவரும் நடந்து வந்த தடம் ஒன்றுகூட இல்லை. மணல் வழவழப்பாக, பூசி முடித்த மாதிரி கிடந்தது.

போகலாம் என்றார். ஒரே ஒரு படம், அட்டையில் இருக்கிற மாதிரியே வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் முழங்கால் தண்ணீருக்குள் இறங்கினாள். சங்கைப் பிடித்திருந்த கையை உயர்த்திக் காட்டினாள்.

போனை எடுத்தார். கை தானாகப் படச்சட்டத்தை அட்டையின் அளவுக்குக் கொண்டுவந்தது. திரையில் மனைவி. அவளுக்குப் பின்னால் கடல். கடலில் அருகருகே இரண்டு நுரை. ஒரே நுரை.

இடதுபுற நுரைக்குள் ஒரு புள்ளி.

நிமிர்ந்து கடலைப் பார்த்தார். ஒன்றுமில்லை. திரையைப் பார்த்தார். புள்ளி. இரண்டு விரலால் பெரிதாக்கினார்.

ஐந்து விரலும் விரிந்திருந்தது.

"என்னங்க, குறுக்க யாராச்சும் இருக்காங்களா?"

இருக்கிறது என்றால், என்ன என்று கேட்பாள். என்ன என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பாள். நேர்மையான படம் என்று அவள் சொன்ன முகம் இன்னும் அப்படியே இருந்தது. அந்த முகம் மாறுவதைப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு அவருக்குத் தெம்பில்லை.

"யாரும் இல்ல" என்றார்.

அலை செருமியது.

திரையில் அவள் வலது தோள் மேல் கொஞ்சம் கடல் வந்து உட்கார்ந்தது. தண்ணீர் தெறிக்கவில்லை. பக்கத்திலிருந்து எடுத்துப் பூசிய கடல். அப்புறம் இடுப்பு. அப்புறம் கழுத்து. அவள் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். எடுத்தாச்சா என்று கேட்டாள். அந்த வார்த்தை பாதியில் நின்றது.

நிமிர்ந்து பார்த்தார்.

கடல். மிக அழகான கடல். ஒரு ஆள் இல்லை.

அவள் பெயரைக் கூப்பிட நினைத்தார். வாய் யாரும் இல்ல, யாரும் இல்ல என்று முனகியது. பாறைக்கு அப்பால் படகுச் சத்தம் கேட்டது. இறங்கியதும் படகுக்காரர் என்ன கேட்பார் என்று அவருக்குத் தெரியும்.

திரையில் இப்போது இரண்டு புள்ளிகள். இரண்டு கைகள். ஒன்று விரல் விரிந்திருந்தது. மற்றொன்றில், இடது ஓரம் உடைந்த ஒரு சங்கு. அது அசைந்தது. அவரைப் பார்த்து, இங்கே, இங்கே என்று அசைந்தது.

அதன் மேல் அவருடைய வலது கட்டைவிரல் போய் நின்று, மெதுவாக, பொறுமையாக, தேய்க்க ஆரம்பித்திருந்தது.